பிடிஎஃப் இருக்கா ப்ரோ?

புதுப் புத்தகம் வந்திருக்குன்னு எழுத்தாளர் ஒருத்தர் அட்டைப்படத்த ஃபேஸ்புக்ல போடுறார்னு வைங்க. வாழ்த்துகள் தோழர், மகிழ்ச்சிண்ணேன்னு நாலு பேர் வந்துட்டுப் போனதும் அஞ்சாவதா ஒருத்தர் வந்து "பிடிஎஃப் இருக்கா ப்ரோ?"ன்னு கேப்பார். எழுதினவர்கிட்டயேதான் கேக்குறார். கல்யாணப் பந்தில இன்னொரு கரண்டி பாயசம் கேக்குற மாதிரி, அவ்ளோ சாதாரணமா.

நான் திருவல்லிக்கேணில புத்தக லே-அவுட் பண்றவன். சின்னச் சின்ன பதிப்பகங்களுக்கு உள்பக்கம் செட் பண்றது, மெய்ப்புத் திருத்தம் போடறது, ராப்பர் வந்தா முதுகு அகலம் சரியா இருக்கான்னு பாக்கறது, கடைசியா பிரஸ்ஸுக்கு ஃபைனல் ஃபைல் அனுப்பறது, இதான் பொழப்பு. அதனால பைரசின்னு பேச்செடுத்தா ஊரே சினிமாவுக்குப் போகும், நான் மட்டும் புத்தகத்துக்கு வருவேன். இப்பவும் அதான் நடக்கப் போகுது, ஆனா சினிமாவத் தொடாம போக முடியாது, ஏன்னா நம்ம ஊர்ல காப்பிரைட் சட்டம்னா என்னன்னு ஜனங்களுக்குக் கத்துக் குடுத்ததே சினிமாதான்.

பர்மா பஜார் திருட்டு விசிடி காலத்துலயே, 2004ல, தமிழ்நாட்டு குண்டர் சட்டத்துல வீடியோ திருடரையும் சேத்துட்டாங்க. கள்ளச்சாராயம் காச்சறவங்க, ரௌடிங்க மாதிரி ஆளுங்களுக்குன்னு 1982ல வந்த சட்டம் அது, புடிச்சா ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வெக்கலாம். அப்பறம் நெட் வந்துச்சு, சிடி கடைய ரெய்டு பண்ற மாதிரி வெப்சைட்ட ரெய்டு பண்ண முடியல, தயாரிப்பாளருங்க எல்லாம் பாரிமுனைல இருக்கற ஹைகோர்ட்டுக்குப் போக ஆரம்பிச்சாங்க. அங்க கேக்கறது ஜான் டோ ஆர்டர், நம்ம ஊர்ப் பேச்சுல அசோக் குமார் ஆர்டர். திருடன் யாருன்னு தெரியாது, பேர் தெரியாது, ஆனா படம் ரிலீஸ் ஆனா கண்டிப்பா திருடுவான், அதனால முன்கூட்டியே தடை குடுங்கன்னு கேக்கறது. 2012ல இப்படி ஒரு ஆர்டர வாங்கிட்டு வந்ததும் இன்டர்நெட் கம்பெனிங்க என்ன பண்ணாங்கன்னா, எந்தப் பக்கத்துல திருட்டுப் படம் இருக்குன்னு தேடாம வீடியோ தளமான விமியோ, டோரன்ட் தளமான பைரேட் பே எல்லாத்தையும் மொத்தமா இழுத்து மூடிட்டாங்க. குறும்படம் எடுத்து விமியோல போட்டு வெச்சிருந்த பசங்க கதி என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. அப்பறம் ஜூன் மாசம் கோர்ட்டே, குறிப்பிட்டு சொன்ன லிங்க்க மட்டும் மூடுங்கப்பான்னு திருத்திச் சொல்லுச்சு. 2018ல ரஜினி நடிச்ச 2.0 படம் வந்தப்ப அதே கோர்ட் 12,000க்கும் மேல வெப்சைட்டுகள மூடச் சொல்லுச்சு, அதுல 2,000க்கும் மேல தமிழ்ராக்கர்ஸோடது. 2023ல ஒளிப்பதிவுச் சட்டத்தையே திருத்தி, தியேட்டர்ல ரெக்கார்ட் பண்ணா குறைஞ்சது மூணு மாசம் ஜெயில், மூணு லட்சம் அபராதம், அதிகபட்சம் மூணு வருஷம், அபராதம் படத்தோட தயாரிப்புச் செலவுல 5 சதம் வரைக்கும் போகலாம்னு வெச்சாங்க.

இவ்ளோ பண்ணியும் ஓடிடில படம் வந்த அன்னிக்கே நல்ல பிரின்ட் டெலிகிராம்ல வந்துடுது, அது வேற கதை. நான் சொல்ல வர்றது என்னன்னா இந்த மொத்த ஏற்பாடும் ரிலீஸ் தேதின்னு ஒண்ணு இருக்கற, முதல் மூணு நாள் கலெக்‌ஷன்ல உயிர் இருக்கற, வக்கீலுக்குக் குடுக்க காசு இருக்கற தொழிலுக்காக உருவானது. புத்தகத்துக்கு இந்த மூணுமே கிடையாது.

கணக்கு சொல்றேன், உத்தேசமாதான், ஆனா தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும் பெருசா தப்பு இருக்காதுன்னு. டெமி சைஸ்ல 200 பக்கப் புத்தகம், விலை 250 ரூபா. கடைக்குப் போட்டா கழிவு, அதாவது கடைக்காரர் கமிஷன், 40 சதம் வரைக்கும் போகும், பதிப்பாளர் கைக்கு வர்றது 150. முன்னல்லாம் ஆஃப்செட்ல 1,200 காப்பி அடிப்பாங்க, இப்ப பிஓடி, அதாவது வேணுங்கறப்ப வேணுங்கற அளவு, ஒரு முந்நூறு அடிச்சா பெரிய விஷயம். காப்பிக்கு 90 ரூபா ஆகுதுன்னு வைங்க, மிச்சம் 60. எழுத்தாளருக்கு ராயல்டி 10 சதம், 25 ரூபா, மிச்சம் 35. முந்நூறும் வித்தா 10,500 ரூபா. அதுல லே-அவுட்டுக்கு எனக்கு ஒரு ஆறாயிரம், அட்டை டிசைனுக்கு மூவாயிரம் போனா நிக்கறது 1,500 ரூபா. மெய்ப்புப் பாத்தவருக்கும் கூரியருக்கும் குடோன் வாடகைக்கும் அந்த 1,500ல தான் பாத்துக்கணும். புத்தகக் கண்காட்சில நேரடியா வித்தா வாசகருக்கு 10 சதம் தள்ளுபடி போக 225 வரும், காப்பிக்கு 110 நிக்கும், அதனாலதான் ஜனவரில நந்தனம் ஒய்எம்சிஏல எல்லாரும் உயிரக் குடுத்து உக்காந்திருக்காங்க, அங்கயும் ஸ்டால் வாடகை ஒண்ணு இருக்குங்கறத விடுங்க.

அப்ப லாபம் எங்கதான் வருதுன்னு கேட்டீங்கன்னா ரெண்டாம் பதிப்புல. எனக்கும் அட்டைக்காரருக்கும் மறுபடி காசு குடுக்க வேண்டாம், ஃபைல் ரெடியா இருக்கு, மிஷின்ல ஏத்தினா போதும், அந்த 35 ரூபா முழுசா நிக்கும். சின்னப் பதிப்பகம் ஒண்ணு அஞ்சாறு வருஷம் தாக்குப் புடிக்குதுன்னா புதுப் புத்தகத்தால இல்ல, மெதுவா வருஷத்துக்கு நூறு இருநூறுன்னு போயிட்டே இருக்கற பழைய புத்தகங்களாலதான். பிடிஎஃப் போய் கைய வெக்கறது சரியா அந்த எடத்துல. முதல் பதிப்பு எழுத்தாளரோட நண்பர்கள், வெளியீட்டு விழா, கண்காட்சின்னு எப்படியோ போயிடும். அதப் பத்தி நாலு பேர் நல்லாருக்குன்னு எழுதி, கேள்விப்பட்டு வாங்கலாம்னு ஒருத்தர் தேடறாரு பாருங்க, அந்த நேரத்துக்கு கூகுள்ல முதல்ல வர்றதே ஸ்கேன் காப்பியா இருக்கும்.

எனக்கு நல்லாத் தெரிஞ்ச பதிப்பாளர் ஒருத்தர் இருக்கார், பேரு வேணாம். அவரு ஒரு நாள் போன் பண்ணி "தம்பி, அந்த டெலிகிராம் சேனல்ல நம்ம நாவல அஞ்சாயிரம் பேர் எறக்கிருக்கான் தம்பி, இருநூத்தம்பதால பெருக்கிப் பாரு, பன்னெண்டர லட்சம்!"னு கத்துறாரு. அண்ணே அப்படிப் பெருக்கக் கூடாதுண்ணேன்னு சொன்னேன். அந்த அஞ்சாயிரத்துல முக்காவாசிப் பேர் போன்ல ஏற்கனவே மூவாயிரம் பிடிஎஃப் சேத்து வெச்சிருக்கறவங்க, படிக்க மாட்டாங்க, சேக்கறதுதான் அவங்க ஹாபி. நெஜமா வாங்கியிருக்க வேண்டியவங்க ஒரு அம்பது பேர் இருப்பாங்களா? இருப்பாங்க. அந்த அம்பது பேரும் கடைக்குப் போகலன்னாலே அண்ணன் ரெண்டாம் பதிப்பு வேணாம்னு முடிவு பண்ணிடுவாரு, பண்ணியும் இருக்காரு. பன்னெண்டர லட்சம்ங்கறது பொய்க்கணக்கு. அம்பது காப்பில ஒரு புத்தகம் செத்துப் போகும்ங்கறது நெஜக்கணக்கு. பைரசியே பெரிய பிரச்சன இல்லங்கறவங்க முதல் கணக்க மட்டும் கிண்டல் பண்ணிட்டுப் போயிடறாங்க, ரெண்டாவதப் பாக்கறதில்ல.

அந்தச் சேனல் அட்மினுக்கு அண்ணன் மெசேஜ் போட்டாரு. பதில் எப்படி வந்துச்சு தெரியுமா? "சார் நாங்க பணத்துக்காகப் பண்ணல, தமிழுக்குச் சேவையா பண்றோம்." ஆனா அதே சேனல்ல மேல பின் பண்ணி வெச்சிருக்கு, விஐபி குரூப்ல சேர மாசம் இவ்ளோன்னு. பக்கத்துக்குப் பக்கம் குறுக்கால அவங்க லோகோவ வாட்டர்மார்க்கா வேற அடிச்சு வெச்சிருக்காங்க. நான் ராத்திரி கண்ணு முழிச்சு ஒத்தை வரி தனியா நிக்காம இழுத்துச் சரி பண்ண பக்கம்ங்க அது, அதுமேல கோணலா உங்க லோகோவா? இதுலதான் எனக்குத் தனிப்பட்ட முறையில பத்திக்கிட்டு வரும், மன்னிச்சுக்கோங்க.

சரி, சட்டப்படி அண்ணன் என்ன பண்ணலாம்? காகிதத்துல பாத்தா நெறைய. 1957ம் வருஷ காப்பிரைட் சட்டத்துல 63ம் பிரிவு, தெரிஞ்சே காப்பிரைட்ட மீறினா ஆறு மாசத்துலேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அம்பதாயிரத்துலேர்ந்து ரெண்டு லட்சம் அபராதம். சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் ஒரே பிரிவுதான். 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, போலீஸ் வாரன்ட் இல்லாம புடிக்கலாம், ஜாமீன்ல வர முடியாத குற்றம்னு. ஆனா ஸ்டேஷனுக்குப் போய் நின்னா "எவ்ளோ ரூபா புத்தகம் சார்?"ன்னு கேக்கறாங்க, இருநூத்தம்பதுன்னு சொன்னதும் அங்க இருக்கறவங்க முகத்துல ஒண்ணு வரும் பாருங்க. அவங்களச் சொல்லியும் குத்தமில்ல, சினிமாவுக்கு வீடியோ பைரசி செல்னு போலீஸ்ல தனிப் பிரிவே இருக்கு, புத்தகத்துக்கு எங்க இருக்கு?

இன்னொரு வழி, நேரா அந்த வெப்சைட்டுக்கோ ஆப் கம்பெனிக்கோ நோட்டீஸ் விடறது. 2012ல கொண்டு வந்த திருத்தத்துலயும் அதுக்கு அடுத்த வருஷம் வந்த விதிகள்லயும் இதுக்கு வழி இருக்கு. உரிமையாளர் எழுத்துல புகார் குடுத்தா 36 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். கேக்க நல்லாருக்கில்ல? அடுத்த வரியப் படிங்க. 21 நாளுக்குள்ள நீங்க கோர்ட்டுலேர்ந்து ஆர்டர் கொண்டு வரலன்னா அவங்க மறுபடியும் போட்டுக்கலாம். 1,500 ரூபா மிச்சம் பாக்கற புத்தகத்துக்கு 21 நாளுல கோர்ட் ஆர்டர்! வக்கீலப் போய்ப் பாத்து வக்காலத்துல கையெழுத்து போடறதுக்கே அந்தக் காசு பத்தாது. அப்படியே வாங்கினாலும் அது அந்த ஒரு லிங்க்குக்கு, அட்மின் சேனல் பேருக்குப் பின்னால ரெண்டுன்னு போட்டு அடுத்த நாள் தொறந்துடுவாரு. சினிமாக்காரங்களுக்கு இதுக்கும் மருந்து கெடச்சிடுச்சு, 2019ல டெல்லி ஹைகோர்ட் டைனமிக் இன்ஜங்ஷன்னு ஒண்ண ஆரம்பிச்சு வெச்சுது, மூடின சைட் வேற பேர்ல வந்தா புதுசா கேஸ் போட வேண்டாம், அதே ஆர்டர்ல சேத்துக்கலாம். ஆனா முதல் ஆர்டர் வாங்கினவனுக்குத்தானே அது.

புத்தகத்துக்கு ஒரு நல்ல தீர்ப்புன்னா 2022ல டெல்லில வந்தத சொல்லணும். ஒரு கோச்சிங் டீச்சரோட பாடம், புத்தகம் எல்லாம் டெலிகிராம் சேனல்ல ஓடுது, அவங்க கேஸ் போட்டாங்க. எங்க சர்வர் சிங்கப்பூர்ல இருக்கு, யூசர் விவரம் குடுக்க முடியாதுன்னு டெலிகிராம் சொல்லுச்சு. சர்வர் எங்க வேணா இருக்கட்டும், இங்க நடக்கற திருட்டுக்கு இங்கதான் பதில் சொல்லணும்னு கோர்ட் சொல்லி, அட்மின்களோட போன் நம்பர், ஐபி அட்ரஸ் எல்லாம் வாங்கிக் குடுத்துச்சு. அட்மின்னு சொல்றவங்களுக்கு முகம் இல்லங்கற தைரியம் அன்னிக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டுச்சு. நம்ம அண்ணன்கிட்ட இத சொன்னேன். "அது பெரிய கோச்சிங் தம்பி, நம்மள நம்பி யாரு டெல்லி போறது"ன்னுட்டாரு.

இதுல ரொம்ப அடி வாங்கறது யாருன்னா, இலக்கியக்காரங்க திரும்பிக் கூட பாக்காத ஒரு கூட்டம், குடும்ப நாவல் எழுதற பெண்கள். அவங்க தொழில் முறையே வேற. ஆன்லைன்ல அத்தியாயம் அத்தியாயமா போடுவாங்க, வாசகிகள் கூடவே ஓடி வருவாங்க, கதை முடிஞ்சதும் ஒரு வாரமோ பத்து நாளோ லிங்க் வெச்சிட்டு எடுத்துடுவாங்க, அப்பறம் அமேசானோட இ-புக் கடையான கிண்டில்ல ஏத்துவாங்க. 2016 கடைசில கிண்டில்ல தமிழ் வந்ததுக்கு அப்பறம் இவங்க வாழ்க்கையே மாறிச்சுன்னு சொல்லலாம், வீட்டுல உக்காந்துட்டே யார்கிட்டயும் கை ஏந்தாம ஒரு வருமானம். அதுல சந்தா கட்டிப் படிக்கற கிண்டில் அன்லிமிடெட்ல எத்தன பக்கம் படிச்சாங்களோ அதுக்குதான் காசு. அதனால இங்க மட்டும் அந்தப் பெருக்கல் கணக்கு கிட்டத்தட்ட உண்மையாவே ஆயிடுது, ஏன்னா டெலிகிராம்ல படிக்கறதும் அதே வாசகிதான், அவங்க அங்க படிச்ச பக்கம் இங்க படிக்காத பக்கம்.

போதாததுக்கு யூட்யூப்ல ஆடியோ நாவல். யாரோ ஒருத்தர் மைக் வாங்கி வெச்சு முழு நாவலையும் வாசிச்சு இருபது பாகமாப் போட்டுடுவார், பின்னால கொஞ்சம் வீணை, வீடியோக்கு நடுவுல விளம்பரம். படப் பாட்டு ரெண்டு வரி போட்டா யூட்யூபே கண்டுபுடிச்சிடும், புதுக் குரல்ல வாசிச்சத எந்த மிஷினும் கண்டுபுடிக்காது, எழுதினவங்களே தேடிப் போய் புகார் குடுக்கணும். 90 நாள்ல மூணு ஸ்ட்ரைக், அதாவது மூணு காப்பிரைட் எச்சரிக்கை, விழுந்தா சேனல் போயிடும், அதனால போட்டவர் பதறிப் போய் எதிர் மனு போடுவார், போட்டா இவங்க பத்து வேலை நாளுக்குள்ள கோர்ட்டுக்குப் போனதுக்கு ஆதாரம் காட்டணும். மறுபடியும் கோர்ட்.

அதுக்கும் முன்னால ஒண்ணு இருக்கு, இத வெளில இருந்து பேசறவங்க யாருக்கும் தோணாது. புகார்ல சொந்தப் பேர் போடணும், அது எதிர்ல இருக்கறவருக்குப் போகும். இவங்கள்ல பாதிப் பேர் புனைபெயர்ல எழுதறவங்க. மாமியார் வீட்டுக்குத் தெரியாம எழுதறவங்க இருக்காங்க, ஆபீஸ்ல தெரிஞ்சா கிண்டல் பண்ணுவாங்கன்னு மறைச்சு வெச்சிருக்கறவங்க இருக்காங்க. எனக்கு ஃபைல் குடுக்கற ஒரு அக்கா சொன்னாங்க, "காசு போனா போகட்டும் தம்பி, எம் பேரு போயி அந்த ஆளு கையில உக்காரணுமா?" சட்டம் புனைபெயர்ல வர்ற எழுத்துக்கும் பாதுகாப்பு குடுக்குது, 60 வருஷம், எல்லாம் சரி. கேக்கப் போறப்ப மட்டும் முகத்தக் காட்டணும்.

இங்க நம்ம ஊர் வாசகர் பக்கமும் கொஞ்சம் நிக்கணும், ஏன்னா "தமிழுக்குச் சேவை"ங்கறது வானத்துலேர்ந்து குதிச்ச நெனப்பு இல்ல. எழுத்து எல்லாருக்கும் பொதுங்கறத இந்த ஊர்ல அரசாங்கமே சொல்லிக் குடுத்திருக்கு. பாரதியார் 1921ல செத்துப் போறாரு, அப்பறம் அவர் பாட்டோட இசைத்தட்டு உரிமை கை மாறிக் கை மாறி சினிமா தயாரிப்பாளர் ஏவி.எம். செட்டியார்கிட்ட வந்து நிக்குது, இன்னொரு படத்துல பாரதி பாட்டு வந்ததும் கோர்ட் வரைக்கும் போகுது. பாரதி பாட்டு ஒரு தனி ஆளோட சொத்தான்னு ஊரே பொங்கி, கடைசில 1949ல சென்னை மாகாண அரசு உரிமைய எடுத்து, அப்பறம் பொதுவாக்குச்சு. அதுலேர்ந்து வந்ததுதான் நாட்டுடைமைங்கற வழக்கம், இன்னிக்கு நூத்துக்கும் மேல எழுத்தாளர்களோடது பொதுச் சொத்து, கோட்டூர்புரத்துல இருக்கற தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட தளத்துல போய் எறக்கிக்கலாம், ஒரு பைசா வேணாம். 1998லேர்ந்து மதுரைத் திட்டம்ங்கற இணையத் தொகுப்புல சங்க இலக்கியம் தொடங்கி எல்லாம் இலவசமா ஏறிக்கிட்டே இருக்கு. இப்படி வளந்தவங்களுக்கு பிடிஎஃப்னா இலவசம்னு தோணறது ஆச்சரியமே இல்ல. ஆனா நாட்டுடைமைல ஒரு வித்தியாசம் இருக்கு, குடும்பத்தக் கேட்டு, பரிவுத்தொகை குடுத்து, அப்பறம்தான் பொதுவாக்கறாங்க. சேனல் அட்மின் யாரக் கேட்டாரு?

கல்கி நாட்டுடைமை ஆனவர்தானே, பொன்னியின் செல்வன் நெட்ல எங்க வேணா இலவசமா கெடைக்குது. அப்படியும் 2022ல படம் வந்தப்ப எந்தக் கடைக்குப் போனாலும் நாலு பதிப்பகத்தோட செட் அடுக்கி வெச்சிருந்தாங்க, விக்கவும் செஞ்சுது. இத வெச்சு "பாத்தீங்களா, பிடிஎஃப் இருந்தா விற்பனை கொறையாது"ங்கறாங்க. எழுபது வருஷமா ஊரே படிக்கற நாவலும், முந்நூறு காப்பி அடிச்ச முதல் சிறுகதைத் தொகுப்பும் ஒண்ணாங்க?

கெடைக்காத புத்தகம் விஷயத்துல மட்டும் நான் சேனல்காரங்க மேல பெருசா கோவப்பட மாட்டேன். மறுபதிப்பே வராத மொழிபெயர்ப்பு, பதிப்பகமே மூடிப் போன எழுபதுகளோட நாவல், பழைய புத்தகக் கடைங்க இருந்த மூர் மார்க்கெட் எரிஞ்சதோட போச்சுன்னு சொல்ற வகை. இத ஒருத்தர் ஸ்கேன் பண்ணிப் போட்டா யாருக்கு என்ன நஷ்டம்? சட்டத்துலயே இதுக்கு ஒரு சின்ன ஜன்னல் இருக்கு. இந்தியால விற்பனைக்குக் கெடைக்காத புத்தகத்த பொது நூலகம் தன்னோட உபயோகத்துக்கு மூணு காப்பி வரைக்கும் எடுத்துக்கலாம், தன்கிட்ட இருக்கற புத்தகத்த பாதுகாப்புக்காக டிஜிட்டலாவும் மாத்தி வெச்சுக்கலாம். பார்வையில்லாதவங்களுக்காக படிக்கற வடிவத்துல மாத்தித் தர்றதும் 2012லேர்ந்து குத்தமில்ல. ஆனா இந்த ஜன்னல் வழியா வாசகர் வீட்டுக்கு எதுவும் வந்து சேராது. எழுத்தாளர் செத்து 60 வருஷம் காத்திருக்கணும். முன்னல்லாம் அம்பது வருஷம்தான், தாகூர் புத்தகங்களோட உரிமை முடியப் போகுதுன்னதும் 1992ல பத்து வருஷம் கூட்டினாங்க, தாகூர் உரிமைய வெச்சிருந்த ஒரு விஸ்வபாரதிக்காக ஊர்ல இருக்கற எல்லா மறந்து போன எழுத்தாளரும் இன்னும் பத்து வருஷம் பூட்டுக்குள்ள.

வெளியூர்க்காரங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. சென்னைல இருந்துட்டு நாம பேசலாம், ஒரு தாலுகா ஊர்ல நல்ல புத்தகக் கடை எங்க இருக்கு? 120 ரூபா கவிதைப் புத்தகத்துக்கு கூரியர் அறுபது ரூபா. 2025 மே மாசம் தபால்துறை ஞான் போஸ்ட்னு புத்தகத்துக்குத் தனியா ஒண்ணு கொண்டு வந்தாங்க, 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, இதுவாவது தொடர்ந்து ஒழுங்கா நடந்தா நல்லது.

இப்ப சொல்லப் போறதுக்கு எனக்கு வர்ற வேலை நாலு கொறையலாம், பரவால்ல. பிடிஎஃப் திருடங்களப் பத்தி மேடைல முழங்கற பதிப்பாளருங்க எல்லாரும் எழுத்தாளருக்கு வருஷா வருஷம் ராயல்டி கணக்கு குடுக்கறாங்களா? பிஓடில எத்தன காப்பி அடிச்சாங்கன்னு பதிப்பாளருக்கும் பிரஸ்ஸுக்கும் மட்டும்தான் தெரியும். முந்நூறுன்னு எழுத்தாளர்கிட்ட சொல்லிட்டு ஐநூறு அடிச்சா கேக்க ஆள் இல்ல. ஒப்பந்தம்னு ஒரு தாளே இல்லாம வாய் வார்த்தைல வர்ற புத்தகம் எத்தன. அனுமதி கேக்காம வெளிநாட்டு எழுத்தாளரோட கதைகள மொழிபெயர்த்து தொகுப்பு போட்டுட்டு, அத ஒருத்தன் ஸ்கேன் பண்ணிட்டான்னு போஸ்ட் போட்டு அழுதவரையும் பாத்திருக்கேன். லே-அவுட் பண்றவனுக்கு எல்லாப் பக்கமும் தெரியும், காப்பிரைட் பக்கம் உட்பட, அதுல என்ன போடச் சொல்றாங்கங்கறதும் தெரியும்.

2025ல அமெரிக்கால ஆந்த்ரோபிக்ங்கற ஏஐ கம்பெனி, திருட்டு புத்தக சைட்டுகள்லேர்ந்து எடுத்த புத்தகங்களுக்காக 1.5 பில்லியன் டாலர் குடுக்கறதா ஒத்துக்கிச்சு, புத்தகத்துக்கு சுமார் 3,000 டாலர்னு செய்தி வந்துச்சுல்ல, அன்னிக்கு ரெண்டு எழுத்தாளருங்க எனக்குப் போன் பண்ணி நம்ம புத்தகமும் அதுல இருக்குமா, வருமான்னு கேட்டாங்க. அமெரிக்க காப்பிரைட் ஆபீஸ்ல பதிவு பண்ண புத்தகத்துக்குதான் அந்தக் காசு. இங்க பதிவே கட்டாயம் இல்ல, எழுதினாலே உரிமை உண்டுன்னு சட்டம் சொல்றதால யாரும் பண்றதில்ல. இதக் கேட்டு ஒருத்தர் "ஐஎஸ்பிஎன் வாங்கினோமே, அது?"ன்னாரு. வாங்கினோம் சார், அது புத்தகத்தோட அடையாள நம்பர்தான், அது இருந்தும் பதிவு இல்லன்னா ஆகாது சார்.

கடைசியா, ஏன் இ-புக்கா நீங்களே போட மாட்டேங்கறீங்கன்னு எல்லாரும் பதிப்பாளரக் கேக்கறாங்க. நியாயமான கேள்விதான், பாதி விலைக்கு ஒழுங்கான இ-புக் இருந்தா நான் சொன்ன அந்த அம்பது பேர்ல முப்பது பேராவது அத வாங்குவாங்கன்னு நானும் நம்பறேன். ஆனா பழைய புத்தகம் பூரா எதுல கெடக்கு தெரியுமா, பேஜ்மேக்கர்ங்கற பழைய சாஃப்ட்வேர்ல, அதுவும் எல்லா மிஷின்லயும் ஒரே மாதிரி தெரியற யூனிகோட் வர்றதுக்கு முந்தின ஃபான்ட்ல. ஒவ்வொரு டிடிபி சென்டருக்கும், அதாவது கம்ப்யூட்டர்ல டைப் பண்ணிக் குடுக்கற கடைக்கும், ஒரு ஃபான்ட், ஒரு கீபோர்டு. அத யூனிகோடுக்கு மாத்தினா ஔ எல்லாம் ஒகரமும் ளகரமுமா பிரிஞ்சு நிக்கும், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் போகும், அடிக்குறிப்பு நம்பர் எல்லாம் க்ஷ ஆயிடும், மறுபடியும் முழுசா மெய்ப்புப் பாக்கணும், அதுக்கு ஆகற செலவ யார் போடறது. திருடறவனுக்கு இந்தத் தொல்லையே இல்ல, போன்ல போட்டோ எடுத்தான், முடிஞ்சுது.

அண்ணன் இப்ப துணிஞ்சு அவரோட பழைய புத்தகத்துல அதிகமா திருடு போற பத்த மட்டும் எடுத்து இ-புக் பண்ணித் தரச் சொல்லியிருக்காரு, விலை 99 ரூபா வெக்கலாம்னு பேச்சு. எதெது பத்துன்னு முடிவு பண்ண அந்தச் சேனல்லயே போய் டவுன்லோட் எண்ணிக்கையப் பாத்துதான் லிஸ்ட் போட்டோம், அந்த மட்டும் அவங்க சேவை உண்மைதான். எட்டு புத்தகம் மாத்திட்டேன். மிச்சம் ரெண்டும் தொண்ணூத்தி எட்டுலயோ என்னமோ அடிச்சது, என்ன ஃபான்ட்னே புரியல, தொறந்தா கட்டம் கட்டமா வருது, அந்த டிடிபி சென்டர்காரர் தொழில விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாராம். அந்தக் காலத்து ஃபான்ட் ஃப்ளாப்பி யாராவது பத்திரமா வெச்சிருந்தா சொல்லுங்க, நேர்ல வந்தே வாங்கிக்கறேன்.